வாங்கும் நிறுவனத்தின் டிஜிட்டல் தளத்தில் எதைத் திறந்து வைப்பது, எதைக் காத்துக்கொள்வது?

கேள்வி
எழுதியவர்: உதிரிபாகக் கிடங்கு

அனைவருக்கும் வணக்கம். இயந்திர உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு நடுத்தர நிறுவனத்தில் கொள்முதல், கிடங்கு, சரக்கு அனுப்புதல் ஆகிய மூன்றையும் கவனித்து வருகிறேன். எங்கள் உற்பத்தியில் பெரும்பகுதியை வாங்குகிற நிறுவனம், தனக்குப் பொருள் தரும் எல்லோரையும் ஒரே டிஜிட்டல் தளத்தில் இணைக்கப்போவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. எங்கள் கையிருப்பு, வாராந்திர உற்பத்தித் திட்டம், இயந்திரங்கள் எந்த அளவுக்கு ஓடுகின்றன என்ற விவரம், எங்களுக்கு மூலப்பொருள் தருபவர்களின் பட்டியல் ஆகியவற்றை கொள்முதல், கையிருப்பு, கணக்கு ஆகியவற்றை ஒன்றாக நிர்வகிக்கும் எங்கள் ஈஆர்பி மென்பொருளிலிருந்து அந்தத் தளம் நேரடியாக எடுத்துக்கொள்ள வழி செய்து தர வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. இனி திறந்த புத்தாக்கம்தான், அதாவது வெளியாரோடு அறிவைப் பகிர்ந்து புதியவற்றை உருவாக்குவதுதான், தங்கள் வழி என்றும், பொருள் தருபவர்களும் ஸ்டார்ட்அப்களும் பல்கலைக்கழகங்களும் அந்தத் தளத்தின் வழியாகவே யோசனைகளை முன்வைத்துச் சேர்ந்து உருவாக்கலாம் என்றும் அதே கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறார்கள்.

எங்கள் நிர்வாகத்தில் இது குறித்து ஒருமித்த கருத்து இல்லை. மறுத்தால் ஆர்டர்கள் வேறு இடத்துக்குப் போய்விடும், ஆகவே கேட்பதைக் கொடுத்துவிடுவோம் என்கிறது ஒரு தரப்பு. எந்த இயந்திரம் எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரிந்துவிட்டால் அடுத்த விலைப்பேச்சில் நம் கையில் எதுவும் இருக்காது என்கிறது மற்றொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

இதனுடன் தொடர்புள்ள இன்னொன்றையும் கேட்க விரும்புகிறேன். எந்தப் பொருள் எப்போது எவ்வளவு தேவைப்படும் என்பதை முன்கூட்டிக் கணிப்பதற்காக ஒரு ஸ்டார்ட்அப்பை அழைத்துச் சேர்ந்து முயன்றோம். முன்னோட்டம் நன்றாகவே நடந்தது, விளக்கப்படங்களும் தெளிவாக இருந்தன, ஆனால் அது முடிந்த பிறகு கிடங்கின் அன்றாட வேலையில் எந்த மாற்றமும் வரவில்லை. இந்தத் தளம் சில ஆண்டுகளாவது நிலைக்குமா என்பதை எதை வைத்து மதிப்பிடுவது, எந்தத் தரவைத் தருவது, எங்கள் அளவிலான நிறுவனம் வெளியாரின் அறிவை எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


பதில்
எழுதியவர்: கப்பல் ஆவணம்

தளம் நிலைக்குமா என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கப்பல் சரக்குத் துறையில் நாங்கள் இதை மிக அருகிலிருந்து பார்த்தோம். மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனமும் ஐபிஎம் என்ற கணினி நிறுவனமும் சேர்ந்து 2018-இல் டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளத்தைத் தொடங்கின. பிளாக்செயின் என்பது பலரும் பகிர்ந்து வைத்திருக்கும், ஒருவர் மட்டும் தனியாக மாற்ற முடியாத பதிவேடு. ஒரு கன்டெய்னர் கிடங்கை விட்டுக் கிளம்புவதிலிருந்து இறக்குமதியாளரின் கைக்குப் போகும்வரை நடக்கும் ஒவ்வொன்றையும் கப்பல் நிறுவனம், துறைமுகம், சுங்கத்துறை, வங்கி ஆகிய எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்பது அதன் நோக்கம். போட்டி நிறுவனங்களான எம்எஸ்சி, சிஎம்ஏ சிஜிஎம் போன்றவைகூட 2019-இல் அதில் இணைந்தன. இருந்தும் 2022 நவம்பரில் மூடப்போவதாக அறிவித்து, 2023-இன் முதல் காலாண்டுக்குள் அதை நிறுத்திவிட்டார்கள். இயங்கக்கூடிய ஒரு தளத்தை உருவாக்க முடிந்தது, உலக அளவில் இந்தத் துறையின் முழு ஒத்துழைப்பைத்தான் பெற முடியவில்லை என்றே அறிவிப்பில் சொன்னார்கள். தன் போட்டியாளர் பெற்றெடுத்த தளத்தில் தன் சரக்குப் போக்குவரத்தின் விவரங்களை ஊற்றுவதற்கு எந்த நிறுவனம்தான் தயங்காது? மென்பொருள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அந்தத் தயக்கத்தை அது போக்காது என்பதே என் கருத்து.

அதே காலத்தில் இன்னொரு முயற்சி வேறு வழியில் போனது. 2019-இல் சில பெரிய கப்பல் நிறுவனங்கள் சேர்ந்து ஆம்ஸ்டர்டாமில் டிசிஎஸ்ஏ என்ற இலாப நோக்கற்ற சங்கத்தை நிறுவின. அது தளம் எதையும் நடத்தவில்லை. கன்டெய்னர் ஏற்றப்பட்டது என்பதை எந்தப் பெயரில், எந்த வடிவத்தில், எந்த நேர முறையில் பதிவது என்ற தரநிலைகளை மட்டும் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடுகிறது. மென்பொருளை யார் எழுதினாலும் ஒன்றோடொன்று பேசும். 2023-இல் அதன் உறுப்பு நிறுவனங்கள் ஒன்பதும் 2030-க்குள் சரக்கேற்றப் பத்திரத்தை, அதாவது நாங்கள் பில் ஆஃப் லேடிங் என்று சொல்வதை, முழுவதும் மின்னணு வடிவுக்கு மாற்றுவதாக உறுதியளித்தன.

இந்தப் பத்திரத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் உங்கள் பிரச்சினையும் விளங்கும். மூலப்பத்திரம் யார் கையில் இருக்கிறதோ அவரே சரக்கைக் கேட்டுப் பெற உரிமை உடையவர். காகிதத்தில் இது எளிது. ஒரு கோப்பையோ எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே அதன் உரிமையாளர் என்பதை முதலில் நுட்பத்தால் உறுதிப்படுத்தி, பிறகு அதை நீதிமன்றம் ஏற்கும்படியும் செய்ய வேண்டியிருந்தது. ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 2017-இல் இதற்கான மாதிரிச் சட்டத்தை வெளியிட்டது, பிரிட்டன் 2023-இல் தன் சட்டத்தை இயற்றியது. மென்பொருள் எப்போதோ தயாராக இருந்த போதிலும் சட்டமும் தரநிலையும் வந்து சேர இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

கன்டெய்னரின் வரலாறும் இதையே காட்டுகிறது. அமெரிக்க லாரித் தொழிலதிபர் மால்கம் மெக்லீன் 1956-இல் தன் முதல் கன்டெய்னர்களைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார். பெட்டிகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிப் பூட்டும் மூலைப் பொருத்திகளுக்கான காப்புரிமை அவருடைய நிறுவனத்திடம் இருந்தது. பொதுவான ஒரு தரநிலை உருவாக வேண்டும் என்பதற்காக 1963-இல் அந்த உரிமையை அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அதன் பிறகுதான் எந்தக் கிரேனும் எந்தப் பெட்டியையும் தூக்கலாம் என்ற நிலை படிப்படியாக உருவானது. திறந்த புத்தாக்கம் என்ற பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நடந்த இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு விநியோகச் சங்கிலியில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே உங்கள் வாங்குபவரிடம் இவற்றைக் கேளுங்கள். தளத்தின் விதிகளை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதில் பொருள் தருபவர்களுக்கு வாக்கு உண்டா? தரவு பொதுத் தரநிலையில் இருக்குமா, இல்லை அவர்களுக்கே உரிய வடிவத்திலா? நாளை தளம் மூடப்பட்டால் உங்கள் பதிவுகள் முழுவதையும் நீங்கள் எடுத்துச் செல்ல முடியுமா? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் இணைவதைத் தள்ளிப்போடுங்கள்.


பதில்
எழுதியவர்: திட்டமிடல் மேசை

மேலே எழுதியவர் சொன்னதோடு உடன்படுகிறேன். எந்தத் தரவைத் தருவது என்ற பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் என் அன்றாட வேலையே அதுதான்.

கடிதத்தில் தரவு ஒரே திசையில், உங்களிடமிருந்து அவர்களுக்கு மட்டும் போகிறது என்பதை முதலில் கவனியுங்கள். விநியோகச் சங்கிலியின் மிகப் பழைய நோய்க்கு மருந்து எதிர்த்திசையில்தான் இருக்கிறது. கடைசி வாடிக்கையாளரின் தேவையில் ஏற்படும் சிறிய அசைவு, சங்கிலியில் மேலே போகப்போகப் பெரிய ஏற்ற இறக்கமாக மாறுவதை 1958-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டர் விளக்கினார். 1997-இல் லீ, பத்மநாபன், வாங் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் அதற்கான காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள். ஒவ்வொருவரும் தனக்கு வந்த ஆர்டரை மட்டும் வைத்துத் தேவையைக் கணிப்பது, ஆர்டர்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகப் போடுவது, விலைச் சலுகைக் காலத்தில் அள்ளி வாங்குவது, தட்டுப்பாடு வரும் என்று பயந்து தேவைக்கு மேல் கேட்பது ஆகியவையே அவை. இவற்றுள் முதலாவதைத் தீர்ப்பது வாங்குபவரின் உண்மையான நுகர்வு விவரம், அதாவது அவருடைய உற்பத்தி வரிசையில் உங்கள் உதிரிபாகம் நாள்தோறும் எத்தனை செலவாகிறது என்ற எண். அந்த எண் உங்களுக்கு வராமல், உங்கள் கையிருப்பு மட்டும் அவர்களுக்குப் போவது வெறும் கண்காணிப்பாகவே முடியும். எனவே எதைக் கொடுப்பது என்று விவாதிப்பதற்கு முன்பு, எதைக் கேட்டுப் பெறுவது என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுப்பதைப் பொறுத்தவரை, நடந்த நிகழ்வுகளையும் உங்கள் உள்விவகாரங்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். பேலட் எனப்படும் ஒரு சரக்குத் தட்டில் அடுக்கிய பெட்டிகள் உங்கள் வாயிலைக் கடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பார்கோடு தரநிலைகளை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் ஈபிசிஐஎஸ் என்ற நிகழ்வுப் பதிவுத் தரநிலைப்படி அப்போது பதிவாவது எந்தப் பொருள், எந்த நேரம், எந்த இடம், எந்தக் காரணத்துக்காக என்பதுதான். தொடர் எண் உள்ள இந்தத் தட்டு, இந்த நிமிடத்தில், இந்த வாயிலில், அனுப்பப்பட்டது. இதில் உங்கள் அடக்கவிலையோ இலாபமோ எங்கும் தெரிவதில்லை, வாங்குபவருக்கோ மிகவும் பயன்படுகிறது. இத்தகைய நிகழ்வுத் தரவைத் தயங்காமல் கொடுங்கள். அவர்களுக்காகவே நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் முடிந்த பொருளின் கையிருப்பையும் தரலாம்.

இயந்திரப் பயன்பாட்டு அளவைத் தராதீர்கள். அதைக் கேட்பதற்கு அவர்கள் சொல்லும் காரணம் உண்மையில் குறித்த தேதிக்குள் சரக்கு வருமா என்ற கவலையாகத்தான் இருக்கும். அந்தக் கவலைக்கு வேறு விதமாகப் பதில் தரலாம். இத்தனை எண்ணிக்கை, இந்தத் தேதிக்குள் முடியுமா என்று அவர்களுடைய தளம் கேட்க, உங்கள் மென்பொருள் உள்ளுக்குள் கணக்கிட்டு முடியும் அல்லது முடியாது என்று மட்டும் சொல்லும்படி ஒரு ஏபிஐ, அதாவது இரண்டு மென்பொருள்கள் ஒன்றையொன்று கேட்டுப் பதில் பெறும் இணைப்பு, அமைத்தால் போதும். முடியாது என்றால் எந்தத் தேதியில் முடியும் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

மூலப்பொருள் தருபவர்களின் பட்டியல் சிக்கலானது. உங்களைத் தாண்டி அவர்களிடம் நேரடியாகப் பேசிவிடுவார்கள் என்ற அச்சம் ஆதாரமற்றது அன்று. மறுபுறம், ஒரு பொருளின் மூலத்தைக் காட்ட வேண்டும் என்று சட்டங்களே கேட்கத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்வாகன பேட்டரிகளுக்கு 2027 பிப்ரவரி 18 முதல் டிஜிட்டல் பாஸ்போர்ட், அதாவது அந்தப் பொருளைப் பற்றிய விவரங்கள் அடங்கிய மின்னணுப் பதிவு, கட்டாயமாகிறது. ஜெர்மன் வாகனத் துறையினர் 2021-இல் அமைத்த கட்டீனா-எக்ஸ் இதற்குக் கண்ட வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே தரவு ஒரு மையக் கிடங்கில் குவிவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் தரவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தனக்கு நேர் மேலே இருப்பவரோடும் நேர் கீழே இருப்பவரோடும் மட்டும், எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையுடன் பரிமாறிக்கொள்கிறது. உங்கள் வாங்குபவர் வேறு துறையில் இருந்தாலும் இந்த ஏற்பாட்டை முன்மாதிரியாகக் காட்டிப் பேசலாம்.

கடைசியாக, எல்லோரும் அலுப்பாக நினைத்துத் தள்ளிவிடும் ஒரு வேலையைச் சொல்கிறேன். இணைப்புக்கு முன்பு உங்கள் பொருள் பட்டியலைச் சீர் செய்யுங்கள். ஒரே போல்ட்டுக்கு உங்களிடம் ஒரு குறியீடு, அவர்களிடம் இன்னொன்று, அதைச் செய்து தருபவரிடம் மூன்றாவது ஒன்று இருக்கும். நீங்கள் எண்ணிக்கையில் கணக்கு வைப்பீர்கள், அவர்கள் பெட்டியில் கேட்பார்கள், மூலப்பொருள் கிலோவில் வரும். பெட்டிக்கு எத்தனை என்பது சென்ற ஆண்டு மாறியிருக்கும், மென்பொருளில் மாறியிருக்காது. இப்படி இருக்கும்போது தளத்தை இணைத்தால், முன்பு ஒரு கிடங்கில் மட்டும் இருந்த தவறான எண் இப்போது சங்கிலி முழுவதும் நொடியில் பரவும். எந்தச் செயற்கை நுண்ணறிவும் இதைத் தானாகச் சரி செய்து தராது, பொருளை அறிந்த ஒருவர் உட்கார்ந்துதான் செய்ய வேண்டும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: உதிரிபாகக் கிடங்கு

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வாங்குபவரின் நுகர்வு விவரத்தைக் கேட்க வேண்டும் என்பது எங்கள் பேச்சில் ஒருமுறைகூட எழவில்லை. பொருள் குறியீடுகள் பற்றிச் சொன்னது எங்கள் கிடங்கை நேரில் பார்த்துச் சொன்னதுபோல இருக்கிறது, அளவு அலகுகளும் அப்படியேதான். ஸ்டார்ட்அப் முயற்சி ஏன் கிடங்கு வரை வந்து சேரவில்லை என்பது பற்றியும், அதே தவறு அந்தத் தளத்தின் வழியாக நடக்கும் கூட்டு முயற்சிகளில் நேராமல் இருக்க என்ன செய்யலாம் என்பது பற்றியும் யாராவது எழுதினால் நல்லது.


பதில்
எழுதியவர்: ஆய்வுக்கூடத் தொடர்பு

பல்கலைக்கழகத்துக்கும் தொழில் நிறுவனங்களுக்கும் இடையிலான கூட்டுத் திட்டங்களை ஒருங்கிணைப்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி செஸ்பரோ 2003-இல் திறந்த புத்தாக்கம் என்ற கருத்தை முன்வைத்தபோது, அறிவு உள்ளே வருவது, வெளியே போவது ஆகிய இரண்டையுமே பேசினார். நிறுவனங்கள் பெரும்பாலும் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து யோசனைகளைத் திரட்டும் பெட்டியாக அதைச் சுருக்கிவிடுகின்றன.

வெளியாரின் அறிவு எந்த இடத்தில் அபாரமாக வேலை செய்கிறது என்பதற்கு 2020-இல் நடந்த எம்5 முன்கணிப்புப் போட்டியைப் பார்க்கலாம். அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட் தன் விற்பனைத் தரவைப் பொதுவில் வைத்தது. 10 கடைகளில் விற்கும் 3,049 பொருள்களை ஒன்றாகவும் பிரித்தும் கூட்டினால் 42,840 வரிசைகள் வரும், அவற்றுக்கு அடுத்த 28 நாட்களின் விற்பனையைக் கணிக்க வேண்டும். உலகெங்கும் ஆயிரக்கணக்கான அணிகள் பங்கேற்றன. முன்னணியில் வந்தவற்றில் பெரும்பாலானவை லைட்ஜிபிஎம் என்ற, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய இயந்திரக் கற்றல் முறையையே கையாண்டிருந்தன. கேள்வி துல்லியமாக இருந்தது, தரவு சுத்தமாக இருந்தது, எது நல்ல விடை என்பதற்கான அளவுகோல் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. இந்த மூன்றும் அமைந்தால், யார் என்றே தெரியாத ஒருவரிடமிருந்தும் சிறந்த தீர்வு வரும்.

உங்கள் முன்னோட்டத்தில் இவற்றுள் எது குறைவாக இருந்தது என்பதை நீங்களே அறிவீர்கள். ஆனால் எனக்கு இன்னொரு ஐயமும் உண்டு. நல்ல கணிப்பு வந்த பிறகு, அதைப் பார்த்து ஆர்டர் அளவை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது? கையிருப்பு எந்த அளவுக்குக் குறைந்தால் மீண்டும் ஆர்டர் போடுவது என்ற மறு ஆர்டர் அளவுகள் ஈஆர்பியில் பழையபடியே இருந்தால், திரையில் எவ்வளவு துல்லியமான கோடு ஓடினாலும் கொள்முதல் ஆணை பழைய எண்ணுக்குத்தான் போகும். வெளியிலிருந்து வரும் அறிவை அடையாளம் கண்டு, உள்வாங்கி, வேலைக்குக் கொண்டுவரும் திறன் நிறுவனத்துக்குள் முன்பே இருந்தாக வேண்டும் என்பதை கோஹன், லெவிந்தால் என்ற ஆய்வாளர்கள் 1990-இலேயே எழுதினார்கள். நடைமுறையில் அந்தத் திறன் ஒரு மனிதரின் வடிவில் இருக்கும். கிடங்கும் தெரிந்து, தரவும் ஓரளவு தெரிந்து, தன் நேரத்தில் பாதியையாவது இதற்கு ஒதுக்க நிர்வாகம் அனுமதித்த ஒருவர். அப்படி ஒருவர் இல்லாமல் எந்த ஸ்டார்ட்அப்பையும் அழைக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வேன்.


பதில்
எழுதியவர்: ஒப்பந்த வரைவு

முதல் பதிலில் ஒரு இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. தளத்தின் விதிகளில் வாக்குரிமை கேட்பது கொள்கையளவில் சரி. ஆனால் பெரிய வாங்குபவரிடம் ஒரு நடுத்தர நிறுவனம் தனியாகப் போய் அதைக் கேட்டால் கிடைக்காது. அதே வாங்குபவருக்குப் பொருள் தரும் மற்ற நிறுவனங்களோடு தொழில் நிறுவனங்களின் சங்கம் அல்லது கூட்டமைப்பின் வழியாகச் சேர்ந்து கேட்பதே பலன் தரும். விலை பற்றி அங்கே ஒரு சொல்லும் பேசக்கூடாது, அது போட்டிச் சட்டத்தை மீறுவதாகிவிடும். தரவு விதிகளைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

திறப்பதைப் பற்றிய அச்சத்துக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதால் ஒரு நிகழ்வைக் குறிப்பிடுகிறேன். 1997 பிப்ரவரி 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவுக்கு உதிரிபாகம் தரும் ஐசின் நிறுவனத்தின் ஆலை ஒன்று தீப்பிடித்து எரிந்தது. டொயோட்டா வாகனங்களின் பிரேக்கில் பொருத்தும், சிகரெட் பெட்டி அளவேயான ஒரு வால்வு கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் தயாராகிக்கொண்டிருந்தது. டொயோட்டாவிடம் இருந்த கையிருப்போ சில மணி நேரத்துக்கு மட்டுமே போதுமானது. ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. சுமார் 200 நிறுவனங்கள் ஏதோ ஒரு வகையில் களமிறங்கின, தையல் இயந்திரம் தயாரிக்கும் பிரதர் நிறுவனம்கூட அந்த வால்வைச் செய்தது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் உற்பத்தி பழைய நிலைக்குத் திரும்பியது. அங்கே டிஜிட்டல் தளம் எதுவும் இல்லை. உதவியவர்களுக்கு நியாயமாகப் பணம் வரும் என்ற நம்பிக்கையும், ஒருவர் பட்டறையை மற்றவர் அறிந்திருந்த பழக்கமும் இருந்தன. உங்கள் வாங்குபவர் இத்தகைய நம்பிக்கைக்கு உரியவர் என்றால், நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் வரைபடங்களையும் இயந்திர விவரத்தையும்கூடத் திறப்பதாக ஒரு தனி விதி எழுதலாம். எந்த நிலையில் திறக்கும், எப்போது மீண்டும் மூடும் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் தவறாமல் பார்ப்பது நோக்க வரம்பு. தந்த தரவை விநியோகத் திட்டமிடலுக்கு மட்டுமே பயன்படுத்தலாம், விலைப்பேச்சுக்கும் மாற்று நிறுவனங்களோடு ஒப்பிடுவதற்கும் பயன்படுத்தக்கூடாது, தளத்தை நடத்தும் மென்பொருள் நிறுவனம் அதைத் தன் இயந்திரக் கற்றல் மாதிரிகளுக்கு ஊட்டுவதென்றால் தனியாக எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். கூட்டாக உருவாக்கியதன் உரிமை யாருக்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே அறிந்து வைத்திருந்தது உங்களுடையதாகவே தொடரும் என்று, அந்த அறிவு எது என்ற பட்டியலையும் பின்னிணைப்பாகச் சேர்த்துவிட வேண்டும். உங்கள் வெப்பச் செயல்முறை, கருவி அமைப்பு, தரச் சோதனை முறை ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லாமல் போனால், தளத்தின் வழியாக நடந்த முதல் கூட்டு முயற்சியிலேயே அவை பொதுச் சொத்தாகக் கருதப்படும் வாய்ப்பு உண்டு.

வரைவு உங்கள் கைக்கு வந்ததும், நிறுவனப் பெயர்களை நீக்கிவிட்டு, தரவுப் பயன்பாடு குறித்த பகுதியை இங்கே இடுங்கள். வரி வரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.